சீர்த்தட்டில் வைத்த சாக்லேட் டப்பா

1

நேற்று தங்கை போனில் ஒன்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் என் மகள் ஒரு பதில் சொன்னாள். அப்போதிலிருந்து எனக்குக் கை வேலையில் ஓடவில்லை.

வேலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில், வருஷம் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில், ஒரு பெரிய பலசரக்குக் கடையில் காலை உணவு டப்பாக்களின் வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன். காலியான இடத்தில் அடுக்குவது, தேதி பார்ப்பது, பிள்ளைகள் பிய்த்துப் போட்டதை ஓரம் கட்டுவது. "எம் மவ எம்.எஸ்ஸி., லண்டன்ல உணவுத் துறையில இருக்கா" என்று என் அம்மா ஆவடிப் பக்கத்துச் சேக்காட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் இல்லை. அந்த எம்.எஸ்ஸி.யால்தான் டப்பாவின் பக்கவாட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருப்பதைப் படிக்க முடிகிறது.

சாக்லேட் உருண்டை டப்பாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இப்போது அம்பத்தூர் கடைகளிலும் கிடைக்கிறது. மாவைப் பொரித்து உருண்டையாக்கி, சர்க்கரையும் கொக்கோவும் பூசிய சமாச்சாரம். பாலில் போட்டால் பால் பழுப்பாகும். எங்கள் கடையில் விற்பதில், முன்பக்கம் தங்க முடியோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பல்லைக் காட்டும். அதன் தலைக்கு மேல் இரும்புச் சத்து, வைட்டமின் டி, இன்னும் ஏழெட்டுப் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். சர்க்கரைதான் எறும்பு எழுத்தில், பக்கவாட்டில் இருக்கும். ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்று கணக்கு. ஒரு வேளை என்பது முப்பது கிராமாம், அதாவது ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடியோடு நிறுத்திய பிள்ளையை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. என் மகள் இனியா கிண்ணத்தில் கொட்டியதை ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன், எழுபது காட்டியது.

தானியத்தில் இயற்கையாக இருந்ததையெல்லாம் மில்லில் விட்டுவிட்டு, பிறகு மருந்துக்கடைச் சரக்கை மேலே தெளித்து, அதற்கு ஒரு பெருமை வேறு. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் தங்கை மீனாவின் உயிர் இந்த டப்பாவில் போய் மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்?

2

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நானும் மீனாவும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை அப்பா எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதை மண்ணில் புரட்டினால் கரிய தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நின்று நடக்கும். எங்களுக்கு டி.வி.யை விட அது பிடிக்கும்.

நான் கறுப்பு. அப்பா கறுப்பு, அவர் அம்மா கறுப்பு, நான் அட்டைக் கறுப்பு. மீனா மாநிறம். என் அம்மா கடலை மாவை எனக்கும், கொஞ்சலை அவளுக்கும் பங்கு போட்டாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று போனார்கள். ஒருவர்கூடப் போட்டதில்லை, அந்தச் சொஜ்ஜிக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம். கடைசியில் வெளிநாட்டு வேலைக்காரர் ஒருவர், போட்டோவை மட்டும் பார்த்து, சம்மதம் சொன்னார். நல்ல மனிதர். போட்டோவில் வெளிச்சம் அதிகம் என்று நான் இன்றுவரை அவரைக் கிண்டல் செய்வதுண்டு.

மீனாவைத் திருமுல்லைவாயிலில் ஒரு பழைய குடும்பத்தில் கொடுத்தோம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வாடகை வீடாகி, இப்போது வாடகை விளைகிறது. மாப்பிள்ளை பாபு. அவர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது, அம்மா சொன்னால் கடிப்பார். மாமியார் பெயர் லோகம்மா. பெண் பார்க்க வந்த அன்றே என்னையும் மீனாவையும் ஒரு சேர நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, என் காதுபடச் சொன்னவள்.

"சின்னது தேவலாம்மா. பெர்ஸு மாரி கரிக்கட்டையா இல்ல."

நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா இளித்துக்கொண்டு நின்றாள்.

3

மீனா உண்டானாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, ரொம்பக் கம்மி, இரும்பு மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் மீனா போனில் குசுகுசுத்தாள்.

"அக்கா, அத்தை மாத்திரைய எல்லாம் எடுத்து குப்பையில போட்டுட்டாங்க."

"ஏன்டி?"

"மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பா போகுதுல்ல? நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம அவங்ககிட்ட சொல்லிட்டேன். 'போறதே கறுப்பா போச்சின்னா உள்ள கீற புள்ள மட்டும் வெள்ளையாவா இருக்கும்'ங்கறாங்க."

இந்தத் தர்க்கத்துக்கு எம்.எஸ்ஸி.யில் பதில் கிடையாது. ஒளித்து வைத்துச் சாப்பிடு என்றேன். தலையணை உறை வரைக்கும் லோகம்மா உதறிப் பார்க்கிறாளாம். பாபுவிடம் பேசினேன். "அம்மா சொன்னா ஏதாவது இருக்கும்க்கா" என்றார். ஏதாவது என்ன இருக்கும் என்று கேட்டதற்கு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அதற்கு முன் ஊருக்குப் போன தோழி ஒருத்தியிடம் சாக்லேட் உருண்டை டப்பா ஒன்று மீனாவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். நாக்குக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று புலம்பினாளே என்று. டப்பாவின் மேலிருந்த தங்க முடிக் குழந்தையை லோகம்மா பார்த்தாள். அவளுக்கு உலகமே விளங்கிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெள்ளையாக இருப்பது எதனால்? காலையில் எழுந்ததும் இதைத்தான் தின்கிறார்கள். அன்றிலிருந்து, டப்பா தீர்ந்தால் அம்பத்தூரில் வாங்கியாவது, குங்குமப்பூப் போட்ட பாலில் இந்த உருண்டையைக் கொட்டி, அதற்கு மேலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, மூன்று வேளையும் மருமகள் முன்னால் வைத்தாள்.

"அதுல இரும்பு இருக்குன்னு போட்டிருக்கேக்கா. அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. மாத்திரைக்குப் பதிலா இது போதுமா?" என்று மீனா கேட்டாள்.

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரு மாத்திரையில் இருப்பது கிடைக்க, ஒரே நாளில் ஏறக்குறைய இரண்டு டப்பாவை அவள் காலி செய்ய வேண்டும். அதற்குள் சர்க்கரை வியாதி வந்துவிடும். போதாததற்குப் பால் வேறு, கிடைக்கிற இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. மீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது உள்ள போகட்டும்க்கா" என்றாள்.

எங்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். சேக்காட்டுக்கு வந்துவிட்டால் அம்மா மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கினாளா என்று வாயைத் திறந்தும் பார்ப்பாள். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிரு என்றேன்.

"வரும்போது ஆறேழு டப்பா வாங்கிட்டு வா. சீர்த்தட்டுல வைக்கணுமாம். சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் அத்தை சொல்லிட்டாங்க" என்றாள் மீனா.

4

இனியாவுக்கு ஒரு வாரம் லீவு கேட்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'கர்ப்பிணிக்கு வளையல் அணிவிக்கும் சடங்கு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். வளையல் போட ஒரு வாரம் ஆகுமா என்று நிஜமாகவே அக்கறையோடு கேட்டார். ஆகாது, பஸ் மாறி மாறிப் போகிற தூரமும் இல்லை என்றேன். லீவு கிடையாது, போனால் அபராதம் என்றார். போனோம்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, புடவைக்கு நடுவில் ஏழு டப்பா வரிசையாகச் சிரிப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"இன்னாமா, கடை வைக்கப் போறியா?"

"வளைகாப்பு சார்."

"வளைகாப்புக்கு இதுவா?" ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த துன்னா புள்ளைங்க ஹைட் ஆவுமா?"

அகலமாவார்கள் என்றேன். அவர் சிரிக்காமல் பெட்டியை மூடினார்.

சேக்காட்டில் அப்பாவின் பழைய கருவிப் பெட்டியை இனியாவுக்குத் திறந்து காட்டினேன். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, காந்தம் மட்டும் இன்னும் சுத்தியலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இனியா அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படிச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

5

வளைகாப்பு மாமியார் வீட்டு மாடி ஹாலில் நடந்தது. தட்டுகள் வரிசையாக இருந்தன. ஆப்பிள், சாத்துக்குடி, லட்டு, பூ, ஜாக்கெட் துணி, நடுநாயகமாக ஜிகினாத் தாள் சுற்றிய ஏழு சாக்லேட் டப்பா. "லண்டன்லேந்து வந்துகீது. எம் மருமவ மூணு வேளையும் இதான் துன்றா" என்று லோகம்மா ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

மீனா மேலே வந்து சேர்ந்தாள். ஒரு மாடி ஏறியதற்கு மூச்சு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்தும் அடங்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. கண் ரெப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. "பாத்தியா, மூஞ்சி எப்பிடி வெளுத்துகீது! எல்லாம் குங்குமப்பூ" என்றாள் லோகம்மா. இன்னும் ஒரு மணி நேரம், பிறகு இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று எண்ணிக்கொண்டேன்.

இனியாவை உறவுக்காரப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். பத்து வயதுக்காரி, சும்மா இருப்பாளா? தன் பெருமையைக் காட்ட ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் பள்ளியில் செய்துகாட்டிய வித்தைதான். தட்டிலிருந்து ஒரு டப்பாவைப் பிரித்து, உருண்டைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, செம்பால் நசுக்கி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். தாத்தாவின் காந்தத்தைப் பையின் மேல் வைத்து, சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஒரு மூலைக்கு இழுத்து வந்தாள். மூலையில் சேர்ந்ததை வழித்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் தடவினாள். கரிய தூள், பொடிப்பொடியாக, காந்தம் போன பக்கமெல்லாம் நகர்ந்தது. பிள்ளைகள் "ஓ"வென்று கத்தினார்கள். எனக்கு விஷயம் தெரிவதற்குள் இனியா கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு லோகம்மாவிடம் போய்விட்டாள்.

"பாட்டி, லுக், இரும்பு! இந்த டப்பால இரும்பு இருக்கு. சித்திக்கு ரொம்ப நல்லது. சாப்ட்டா ரத்தம் வரும்."

ரத்தம் ஊறும் என்று சொல்ல வந்த குழந்தை அது. ஹாலில் இருந்த அத்தனை பெண்களும் வாயைப் பொத்தினார்கள்.

லோகம்மா கைக்குட்டையை வாங்கினாள். தன் கையாலேயே காந்தத்தை வைத்துப் பார்த்தாள். தூள் நகர்ந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"மாத்திர வாணாம்னு நான் தூக்கிப் போட்டேன். அந்த இரும்பயே பவுடரு பண்ணி டப்பால அட்ச்சி இட்டாந்துட்டியா? இத்தினி மாசமா எம் புள்ளையோட கொழந்தைக்கு இத்தத்தான் ஊத்தினு கீறேனா நானு?"

"அத்தை, இது எல்லார் உடம்புக்கும் வேணும். உங்க ரத்தத்துலயும் இரும்புதான் இருக்கு."

"எங்க ரத்தத்தப் பத்தி நீ பேசாத." இனியாவின் தாடையைப் பிடித்து, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "பாருங்கம்மா எல்லாம். இத்த வயித்துல வச்சிகினு இரும்பு துன்னுகீறா. எப்பிடி வந்துகீது பாரு, அடுப்புல வச்ச பானையாட்டம். எங்க ஊட்டு வாரிசும் இந்தக் கலர்ல வரணும்னு கண்ணு வச்சுட்டா இவ!"

அவள் கையைத் தட்டிவிட்டேன். என்னென்னவோ கத்தினேன். பாபு வாழைப்பழத் தட்டை ஏந்திக்கொண்டு, யாரிடமாவது நீட்டலாமா என்று பார்த்தபடி நின்றார். அம்மா கும்பிட்ட கையோடு முன்னால் போனாள்.

"சம்பந்தி, சின்னப் பிள்ள பேச்சப் பெருசு பண்ணாதீங்க. நல்ல நேரம் போகுது, மீனாவ அனுப்பி வையுங்க. காரு வாசல்ல நிக்கி."

"அனுப்ப மாட்டேன். உங்க ஊட்டுக்கு அனுப்புனா இரும்பக் கரைச்சி ஊத்துவீங்க. பெரசவம் இங்கதான்."

எல்லாரும் மீனாவைப் பார்த்தோம். முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, வருகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

"அத்தை சொல்ற மாதிரியே இருக்கட்டும்க்கா. நீ கிளம்பு" என்றாள்.

பூச்சரம் கட்டிய கார் அவள் இல்லாமல் சேக்காட்டுக்குத் திரும்பியது. முன்சீட்டில் காலியாக ஒரு கூஜா உருண்டது. இனியா தாத்தாவின் காந்தத்தை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரித்தது போக மிச்சம் ஆறு டப்பாவையும் லோகம்மா தெருவில் எறிந்தாள். குடித்தனக்காரர்களின் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்காவது வைட்டமின் போய்ச் சேர்ந்தது.

6

இங்கே திரும்பிய பிறகு இனியா சாக்லேட் உருண்டையைத் தொடவில்லை. ஒரு நாள் காலையில், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னை வயித்துல வச்சிருந்தப்ப நீ இரும்பு மாத்திரை சாப்ட்டியா?"

"ஆமா. ஒரு நாளும் விட்டதில்ல."

"ஓ" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் என் கடைக்கே வந்து, கீழ்த்தட்டில் யாரும் குனிந்து பார்க்காத ஓர் அரிசிப் பொரி டப்பாவை எடுத்துவந்தாள். இனி எனக்கு இதுதான் என்றாள். பக்கவாட்டைப் படித்தேன். சர்க்கரை ஏறக்குறைய இல்லை. கூடுதலாக எதையும் சேர்க்காத வெறும் பொரி. அடடா, பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது, சென்னையிலிருந்து போன் வந்தால் அவள் அறைக் கதவு மூடிக்கொண்டது. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று கடையில் உடன் வேலை செய்கிறவள் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

7

மீனாவுக்கு நாளுக்கு முன்பே வலி கண்டது. ஆவடியில் கொண்டுபோன இடத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எங்களால் ஆகாது, வேலப்பன்சாவடிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆம்புலன்ஸ் ஏற்றினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை. உள்ளே வந்ததே கால் பாத்திரம், இதில் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று டாக்டர் எரிந்து விழுந்தாராம். பாபு அழுதுகொண்டே ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடினார். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் நிறுத்தினார்கள். மீனா பிழைத்தாள். இனி அவளுக்குப் பிள்ளை கிடையாது.

உள்ளே இதெல்லாம் நடக்கும்போது, துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் வெளியே கொண்டுவந்திருக்கிறாள். லோகம்மா கேட்ட முதல் கேள்வியை அம்மா எனக்குப் போனில் சொன்னாள். "ஏட்டி, மருமவ எப்படி இருக்கான்னு கேக்கல. 'கலர் எப்பிடி கீது'ன்னாட்டி."

கலர் நன்றாகவே இருந்தது. பாபுவின் அப்பா சிவப்பு, அந்தச் சிவப்பு. நேற்று பெயர் வைத்தார்கள். வீடியோவில் லோகம்மா பேரனைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியா? இரும்பு கிரும்பு இல்லாம பொறந்த புள்ள. எப்பிடி கீறான் பாரு, ரோஜாப் பூவாட்டம்! நான் மட்டும் அன்னிக்கி நிறுத்தலன்னா?"

பிறகு மீனா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. இப்போது அழுவாள், அத்தனையையும் கொட்டுவாள் என்று நான் துப்பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இவரோட தம்பி பொண்டாட்டி உண்டாகியிருக்கா. அவ கொஞ்சம் கறுப்பு, பாவம். அந்த டப்பா ரெண்டு அனுப்பேன். ஆனா இரும்பு போடாததா பார்த்து அனுப்புக்கா. அத்தை சொன்னது சரியாத்தானே இருந்துது? நீயே என் பிள்ளையப் பார்த்தல்ல."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன், கேலி செய்கிறாளா என்று. இல்லை. பிள்ளையைப் பார்த்த பெருமையில் அந்த வெளுத்த முகம் மலர்ந்திருந்தது. சாக்லேட் உருண்டையில் அப்படி ஒரு டப்பா கிடையாது, எல்லாவற்றிலும் இரும்பு போட்டுத்தான் விற்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

என் பின்னால் இனியா நின்றிருந்தாள். எப்போது அறையை விட்டு வந்தாள் என்று தெரியவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, தமிழில், திக்காமல் சொன்னாள்.

"நான் சாப்பிடற டப்பாவ அனுப்புங்கம்மா. அதுல இரும்பு இல்ல. நான் தினமும் காந்தம் வச்சுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடறேன்."